மூவாயிரத்துக்கு இரண்டு கோடு

நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்ற வேண்டிய ஸ்பிண்டில் பத்தாயிரம் சுற்றியது. கட்டரின் முனை பிய்ந்து தெறித்து, சம்பந்தியம்மாவின் முகத்துக்கு நாலு விரல் தள்ளிக் கதவு நிலையில் குத்தி நின்றது. நடந்தது இவ்வளவுதான்.

உட்காருங்கள். அது ஆடும், இந்த ஸ்டூலில் உட்காருங்கள். மெஷினைத் தொட வேண்டாம். ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள். வீட்டிலேயே ஒன்று போடப் போகிறீர்கள். ஸ்பிண்டில் வேகத்துக்குச் செட்டிங்கில் என்ன நம்பர் போடுவது என்று கேட்கிறீர்கள். தருகிறேன். அதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். நடுவில் பேசினால் எனக்கு விட்டுப்போகும். பேசியே ஆக வேண்டுமென்றால் சத்தமாகப் பேசுங்கள். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

என் பெயர் குழந்தைவேலு. கோயமுத்தூரில் இதே கணபதியில், ஒரு பம்ப் கம்பெனியில், முப்பத்தெட்டு வருஷம் லேத் ஓட்டின டர்னர். கம்பெனியில் சுற்று எண்ணுகிற மீட்டர் ஒன்று இருந்தது. பீரோவில் இருந்தது. யாரும் எடுத்ததில்லை. லேத் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே சொல்வோம். இது நானூறு, இது அறுநூற்று முப்பது, இதற்கு பெல்ட் நழுவுகிறது. புதிதாக வந்த இஞ்சினியர் ஒருவன் என்னைத் திரும்பி நிற்க வைத்து ஒன்பது லேத்தை ஓட்டிக் காட்டினான். ஒன்பதும் சரியாகச் சொன்னேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். டர்னர் என்றால் காது. மீட்டர் வைத்துப் பார்க்கிறவனை நாங்கள் கம்பவுண்டர் என்போம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

ரிட்டயர் ஆன பிறகு வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் இந்தத் தகர ஷெட்டைப் போட்டேன். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்குகிற இந்த மெஷினை உதிரி உதிரியாக வரவழைத்து நானே பூட்டினேன். எட்டு மாசம் ஓட்டினேன். இது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஐயாயிரம் என்று அடித்தால், அந்தச் சின்ன போர்டு அதற்கேற்ற வோல்ட்டை டிரைவுக்கு அனுப்பும். டிரைவ் வோல்ட்டைப் பார்த்து, கட்டரைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டிலைச் சுற்றும். திரையில் ஐயாயிரம் என்று பச்சையாக எழுதி வரும். அது நீங்கள் அடித்த எண். சுற்றுகிற எண் இல்லை. சுற்றுவதை யாரும் எண்ணுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். காது இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மா என்றால் என் மகள் பிருந்தாவின் மாமியார். ஊர் உடுமலை. கண்ணில் புரை ஆபரேஷனுக்குக் கோயமுத்தூர் வந்தார். மறுபடி டாக்டரிடம் காட்டும் வரை பத்து நாள் நம் வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்கு வந்த ஒரம்பரை என்றால் சாதாரண ஒரம்பரை இல்லை, பெண்ணைக் கொடுத்த வீட்டு மாமியார். நான் சட்டை போடாமல் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டேன்.

பிருந்தா முதல் நாளே போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்ப்பா, அத்தை அங்க இருக்கற வரைக்கும் மெஷினை ஓட்டாதீங்க. தூசும் ஆகாது, சத்தமும் ஆகாது. டாக்டரு கண்டிசனாச் சொல்லியிருக்காரு."

"செரி அம்மணி."

"செரி அம்மணின்னா பத்தாது. தொட மாட்டேன்னு சொல்லுங்க."

"தொட மாட்டேன்."

சொன்னேன். வாயால் சொன்னேன். மூன்று நாள் தொடவும் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம். சம்பந்தியம்மா சாப்பிட்டுப் படுத்திருந்தார். என் வீட்டுக்காரி சிவகாமி அரிசி மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். மெஷின் மேசையில் போட்டிருக்கும் மரப்பலகை கோணலாகிவிட்டது, அதை ஒரு தடவை மேலாகச் சீவிச் சமப்படுத்த வேண்டும். பத்து நிமிஷ வேலை. பத்தே நிமிஷம். அகலமாகச் சீவுகிற கட்டர் ஒன்று நானே செய்து வைத்திருந்தேன். நடுவில் இரும்புத் தட்டு, ஓரத்தில் ஒரே ஒரு முனை, திருகு வைத்துப் பிடித்தது. ஆறாயிரத்துக்கு மேல் சுற்றக் கூடாது. அதையும் நானே அதன் முதுகில் பஞ்ச் வைத்துக் கொத்தியிருந்தேன். ஐயாயிரம் அடித்தேன். ஓடவிட்டேன். சத்தம் சாந்தமாக இருந்தது. ஐயாயிரம்தான், சொல்லப்போனால் கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கும் என்று நினைத்தேன்.

ஷெட் வாசலில் நிழல் ஆடியது. பார்த்தேன். சம்பந்தியம்மா. கறுப்புக் கண்ணாடி. முந்தானையை ஒரு காதில் வைத்து அழுத்திக்கொண்டு என்னவோ சொல்கிறார். ஓடுகிற மெஷின் முன்னால் யார் என்ன சொன்னாலும் விழாது. அக்கட்டால போங்க, தூசு, என்று கையைக் காட்டினேன். அவர் போகவில்லை. மறுபடி என்னவோ சொன்னார்.

அப்போது தெறித்தது.

ஒரு சத்தம். டப் என்று. அவ்வளவுதான். ஸ்பிண்டில் பேய் பிடித்ததுபோல் ஆடியது. நான் சிவப்புப் பொத்தானை அடித்தேன். எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியவில்லை, நின்ற பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை. ஆபரேஷன் பண்ணின கண். பிருந்தாவின் மாமியார். என் ஷெட். நான் தொட மாட்டேன் என்று சொன்ன மெஷின்.

திரும்பினேன். நின்றுகொண்டிருந்தார். இடது கன்னத்துக்குப் பக்கத்தில், நாலு விரல் தள்ளி, நிலையில் முனை குத்தி நின்றது. புகை வந்தது. பொய் இல்லை, மரம் கருகிப் புகை வந்தது.

அவர் உள்ளே போனார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்க சம்பந்தி. வேத்து ஊத்துது."

குடித்தேன். பாதி சட்டையில் போயிற்று. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

வேறொன்றும் சொல்லவில்லை. இதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் பரவாயில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. ராத்திரி சாப்பிடும்போது சிவகாமியிடம் ரசத்தில் புளி கம்மி என்றார். மெஷினைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த அம்மாள் எங்கே சொல்லப் போகிறார்? உடுமலையில் போய்ச் சொல்வார். மகனை வைத்துக்கொண்டே மருமகளிடம், உன் அப்பன் என் கண்ணைப் பிடுங்கப் பார்த்தான் என்பார். பிருந்தா அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவார்கள்? ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

முனையைக் குறடு வைத்துப் பிடுங்கினேன். ஓட்டை விழுந்துவிட்டது. அதன்மேல் தேதி காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு பிருந்தா அவருக்குப் போன் பண்ணுவாள். தினமும். அவர் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு எழுத்து விழாது. அவ்வளவு மெதுவாகப் பேசுகிற அம்மாள்.

"என்ன பேசுனாங்க?" என்று சிவகாமியைக் கேட்டேன்.

"இங்க அடுப்பு வரைக்கும் கேக்குதுங்க. உங்களுக்குக் கேக்கலியா?"

"என்ன பேசுனாங்கன்னு கேட்டேன்."

"மருந்து ஊத்துனியா, மாத்தரை முழுங்குனியான்னு. நீங்க எதுக்குங்க கதவுக்குப் பின்னால நிக்கறீங்க? உங்களுக்குக் குக்கர் விசிலே கேக்கறதில்ல, இதுல ஒட்டுக் கேக்க வேற."

குக்கர் விசில் கேட்காததற்குக் காரணம் குக்கர். பழைய குக்கர் அடித்தால் தெருவுக்கே கேட்கும். இந்தப் புதுசு தரமில்லை. பத்துத் தடவை சொல்லிவிட்டேன்.

மெஷின் பக்கம் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தப்பு எங்கே என்று தெரிய வேண்டும். முனையைப் பிடித்த திருகு சரியில்லையா? இரும்புத் தட்டில் வெடிப்பா? ஸ்பிண்டில் பேரிங்கா? கட்டரைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்பிண்டிலை ஓட்டிப் பார்க்கலாம் என்று பச்சைப் பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. விரல் அங்கேயே இருந்தது. அழுத்து என்று சொல்கிறேன், அழுத்தவில்லை. வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவினேன். மறுபடி போனேன். மறுபடி வெளியே வந்தேன். கரண்ட் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கம்பெனியில் எண்பத்தேழில் ஒரு கிரைண்டிங் சக்கரம் வெடித்தது. வேகம் தாங்காத சக்கரம். மருதாசலம் என்று ஒரு பையன், கல்யாணமாகி நாலு மாசம். நான் பக்கத்து மெஷினில் நின்றேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பயம் என்று சொல்ல மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பயம்தான். வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் காலையில் சம்பந்தியம்மா ஷெட்டுக்கு வந்தார். நான் சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நிலையைப் பார்த்தார்.

"காலண்டர் புதுசுங்களா?"

"ஆமாங்க. தேதி பாக்கறதுக்கு."

"ரெண்டு நாளாக் கிழிக்கவே இல்லீங்களே."

எழுந்து போய்க் கிழித்தேன். காலண்டர் கையோடு வந்துவிட்டது. ஓட்டை தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"அன்னிக்கு அதை எத்தனைல ஓட்டுனீங்க சம்பந்தி?"

"ஐயாயிரம்."

"ஐயாயிரம் இல்லீங்க."

"இல்லீங்களா? நாந்தான அடிச்சேன். ஸ்கிரீன்ல இருக்குது பாருங்க."

"ஸ்கிரீன்ல என்னமோ இருக்கட்டுங்க. நான் படுத்துட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சு வந்தேன். பத்தாயிரத்துக்குக் கொறையாதுங்க அது. அதச் சொல்லத்தான் வாசல்ல நின்னேன். நீங்க கையக் காட்டி வெரட்டிப்போட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருஷம் லேத்தோடு இருந்தவனுக்கு, படுத்துக்கொண்டு சத்தம் கேட்டவர் சொல்கிறார்.

"சம்பந்தியம்மாவுக்கு மெஷின் சத்தமெல்லாம் தெரியுங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பஞ்சு மில்லுல இருபத்தி ரெண்டு வருசம் டெஸ்டிங்ல இருந்தனுங்க. எங்களுதும் ஸ்பிண்டில்தானுங்க, நூல் நூக்கறது. ஒரு மெஷினுக்கு ஆயிரம் இருக்கும். பத்தாயிரம், பன்னெண்டாயிரம், பதினாறாயிரம் ஓடும். அதுல ஒண்ணு கம்மியா ஓடுனா நூலு முறுக்கு இளகிப்போகும். எது கம்மின்னு கண்டுபுடிக்கறதுதான் என்ற வேலை."

பிருந்தாவைக் கட்டிக் கொடுத்து ஆறு வருஷம். இந்த அம்மாள் மில்லுக்குப் போனார் என்று தெரியும். நூல் கோன் அடுக்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

சரி, காட்டிவிடுகிறேன் என்றேன். வீம்பு. அவர் முன்னால் விரல் அழுத்தாமல் நின்றுவிடக் கூடாதே என்று, மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டேன். கட்டர் கழற்றின வெறும் ஸ்பிண்டில். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கம்பு முனையால் பச்சைப் பொத்தானைக் குத்தினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஐயாயிரம். ஓடியது. சாந்தமான சத்தம். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. உள்ளே போய் எட்டாயிரம் அடித்தேன். இன்னும் சாந்தமாயிற்று. பத்தாயிரம். ஏறக்குறைய சத்தமே இல்லை, பட்டு மாதிரி ஓடுகிறது. நல்ல பேரிங் அப்படித்தான், வேகம் ஏற ஏற அடங்கும். பாருங்கள் என்று சொல்லத் திரும்பினேன்.

சம்பந்தியம்மா இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பின்னால் சிவகாமி ஓடி வருகிறாள். அவளும் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு நாய் மதிலோரம் மேலே பார்த்து வாயைத் திறந்து மூடுகிறது.

நிறுத்தினேன்.

கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு நரம்பெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பு, காதும் கூசும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சிவகாமிக்கு எப்போதுமே சத்தம் ஆகாது. நாய் எதற்குக் குலைக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த எண்ணை நான் அடிக்கவில்லை.

"மில்லுல லைட்டு வெச்சுப் பாப்போமுங்க," என்றார் சம்பந்தியம்மா. "சடசடன்னு மின்னற லைட்டு. மின்னறதும் சுத்தறதும் ஒண்ணாப் போனா, சுத்தற ஸ்பிண்டில் நின்னாப்பல தெரியும். அந்த லைட்டு இங்க இல்ல." அண்ணாந்து பார்த்தார். "இது சோக் வெச்ச பழைய டியூப் லைட்டுங்களா?"

"ஆமாங்க. இருபது வருசத்துது."

"அப்ப இதே போதுமுங்க. இது செகண்டுக்கு நூறு தடவ மின்னுது. நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான். நிமிசத்துக்கு ஆறாயிரம். கதவச் சாத்திப்போட்டு, ஸ்பிண்டில் மேல ஒரு கோடு போடுங்க."

கதவைச் சாத்துவது என்றால் மெஷினோடு உள்ளே இருப்பது. இந்த ஷெட்டுக்குள். அதை நான் யோசிக்கவில்லை. சாத்தின பிறகுதான் தெரிந்தது. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டேன். வெளியே பட்டப்பகல், உள்ளே டியூப் லைட் வெளிச்சம் மட்டும். ஸ்பிண்டில் நட்டுக்கு முழுக்கக் கறுப்பு மை பூசி, அதில் சாக்பீஸால் நெட்டாக ஒரு கோடு போட்டேன். கோடு கோணலாக வந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ப்ளைவுட் பலகை ஒன்றை நிறுத்தி, அவரை அதன் பின்னால் நிற்கச் சொன்னேன்.

"நீங்களும் வாங்க," என்றார்.

"நான் பாக்கோணுமே."

"எட்டிப் பாருங்க. மொகத்தை மட்டும் நீட்டாதீங்க. எனக்குக் கறுப்புக் கண்ணாடில ஒண்ணுந் தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. என்ன அர்த்தம்னு நான் சொல்றேன்."

ஆறாயிரம் அடித்தேன்.

நீங்கள் அதைப் பார்த்ததுண்டா? சுற்றுகிறது என்று தெரியும். காற்று முகத்தில் அடிக்கிறது. ஆனால் கோடு நிற்கிறது. சாக்பீஸ் கோடு, வெள்ளையாக, அசையாமல். இல்லை, பூனை மாதிரி மெதுவாகப் பின்னால் நகர்கிறது. தொடலாம் போல் இருக்கிறது. தொட்டால் விரல் இருக்காது.

ஆனால் கோடு நின்றுவிட்டதே. ஆறாயிரம் அடித்தேன், ஆறாயிரம். நான் சொன்னதுதான் சரி.

"பாத்தீங்களா? ஒரே கோடு. நிக்குது. ஆறாயிரம் கச்சிதம்."

"நிக்குங்க," என்றார் பலகைக்குப் பின்னாலிருந்து. "பன்னெண்டாயிரமா இருந்தாலும் நிக்கும். ஒரு மின்னலுக்கு ஒரு சுத்து சுத்துச்சா, ரெண்டு சுத்து சுத்துச்சான்னு கோட்டுக்குத் தெரியாதுங்க. மூவாயிரத்துக்கு எறக்குங்க."

"எறக்குனா?"

"மூவாயிரம்னா மின்னலுக்கு அரைச் சுத்துத்தான். ஒரு மின்னலுக்கு இந்தப் பக்கம், அடுத்த மின்னலுக்கு எதிர்ப்பக்கம். எதிரும் புதிருமா ரெண்டு கோடு தெரியோணும். எண்ணிச் சொல்லுங்க."

மூவாயிரம் அடித்தேன். பார்த்தேன்.

ஒன்று.

எதிர்ப்பக்கம் தெரிய ஒரு கண்ணாடித் துண்டை அந்தப் பக்கம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. இந்தப் பக்கம் ஒன்று. ஒன்றேதான்.

"எத்தனைங்க?"

மறுபடி எண்ணினேன்.

"சம்பந்தி. எத்தனை?"

"ஒண்ணு."

"அப்ப ஆறாயிரம் ஓடுது. நீங்க கேக்கறதுக்கு ரெண்டு மடங்கு."

ஐயாயிரம் கேட்டேன். பத்தாயிரம் ஓடியது. ஆறாயிரம் தாங்குகிற கட்டர். இதை மனதில் போட்டு ஓட்டினேன். அப்புறம் இன்னொன்று வந்தது. எட்டு மாசம். இந்த எட்டு மாசமும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. சிவகாமி தினம் இரண்டு வேளை டீ கொண்டுவந்து நிற்பது அதே வாசல், அதே நிலை. டீயைக் கொடுத்துவிட்டு, ஏனுங்க இப்படிக் கத்துது என்று கேட்பாள். நான் உனக்கென்ன தெரியும் என்பேன். எட்டு மாசம் கேட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக்கூட எழ முடியவில்லை. சம்பந்தியம்மாதான் வந்து, பொத்தான் எது என்று தடவிப் பார்த்து, நிறுத்தினார்.

"ரெண்டு மடங்குன்னா நல்லதுதானுங்க," என்றார். "கண்டபடி ஓடுனாத்தான் பயப்படோணும். ரெட்டிப்புன்னா எங்கியோ ஒரு எடத்துல பாதியைப் பூரான்னு நெனைச்சுட்டு இருக்குது. அந்த எடத்தைப் பாருங்க."

பார்த்தேன். போர்டைப் பார்த்தேன். அது சரி. முழு வேகத்துக்குப் பத்து வோல்ட் அனுப்புகிறது. டிரைவின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மூன்று கம்பி முனை. நடுவிலும் ஒரு பக்கத்திலும் சேர்த்துச் சின்னக் கறுப்புத் தொப்பி, அரிசி அளவு. ஒரு பக்கம் ஐந்து என்று போட்டிருந்தது, மறு பக்கம் பத்து. தொப்பி ஐந்தில் இருந்தது. ஐந்து வோல்ட் வந்தாலே அதற்கு முழு வேகம். வந்தபோதே அப்படித்தான் வந்தது. நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. காது இருந்ததே.

தொப்பியைப் பிடுங்கிப் பத்துப் பக்கம் போட்டேன். அந்த அரிசி அளவைப் பிடிக்க மூன்று தடவை குறடு நழுவியது.

மூவாயிரம். இந்தப் பக்கம் ஒன்று, கண்ணாடியில் ஒன்று. இரண்டு. ஆயிரத்து ஐநூறு அடித்தேன், நாலு. கோடு கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. போர்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதை ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். அவர் "நின்னுச்சுங்களா, நின்னுச்சுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மெதுவாக நகர்ந்தால் போதும், அது மோட்டார் இழுப்பது, அதை விட்டுவிடலாம் என்றும் அவர்தான் சொன்னார்.

அப்புறம் கட்டர். புது முனை மாட்டினேன். புதுத் திருகு. பூட்டிவிட்டு நின்றேன். அவரும் நின்றார். ப்ளைவுட்டுக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றோம். கையில் ஒட்டடைக் கம்பு. நீட்டினேன். கம்பின் முனை பொத்தானுக்கு அரையங்குலம் முன்னால் ஆடிக்கொண்டே இருந்தது.

"குடுங்க," என்று வாங்கினார். அழுத்தினார்.

ஐயாயிரத்தில் எத்தனை கோடு என்று நான் கேட்கவில்லை. அவராகவே ஆறு தெரியும், எண்ணுங்கள் என்றார். சுற்றிலும் ஆறு. இந்தப் பக்கம் நாலு எண்ணினேன், கண்ணாடியில் மிச்சம் இரண்டு. அதற்குள் மேசைப் பலகை ஓரத்திலிருந்து கட்டர் சீவ ஆரம்பித்துவிட்டது. மரத்தூள் பொசுபொசுவென்று விழுந்தது. எனக்குச் சத்தம் பெரிதாகக் கேட்டது. முன்னைவிடப் பெரிதாக. ஐயோ என்று அவரைப் பார்த்தேன். அவர் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

"இப்பத்தான் சாந்தமா ஓடுது," என்றார்.

அப்புறம் சொன்னார், "சம்பந்தி, நான் கண்ணக் காட்ட வந்தேன். அடுத்த தடவ வரும்போது நீங்க காதைக் காட்டுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாமுங்க."

காதில் ஒன்றும் இல்லை. மெஷின் சத்தம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி கேட்கும்.

பத்தாம் நாள் டாக்டர் பார்த்து நல்லாயிருக்கிறது என்றார். மாப்பிள்ளை காரோடு வந்தார். சம்பந்தியம்மா ஏறி உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பிருந்தாகிட்ட சொல்லாதீங்க. இரண்டே வார்த்தை. சொல்ல வரவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். "வரனுங்க சம்பந்தி," என்றார் சம்பந்தியம்மா. கார் போயிற்று.

மூன்று நாள். மெஷின் சரியாகிவிட்டது, நான் அதன் பக்கம் போகவில்லை. போன் அடித்தால் சிவகாமியை எடுக்கச் சொல்வேன். நாலாம் நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் எடுக்க வேண்டியதாயிற்று.

"அப்பா, அத்தை எல்லாஞ் சொல்லிட்டாங்க."

போனைக் காதோடு அழுத்தினேன்.

"என்ன சொன்னாங்க அம்மணி?"

"சும்மா படுத்துட்டே இருக்கப் பொழுது போகலீன்னு, அவங்கதான் உங்களை மெஷினை ஓட்டச் சொல்லி நச்சரிச்சாங்களாமா. நீங்க வேண்டாம் வேண்டாம்னீங்களாமா. ஏதோ தெறிச்சு நிலையில குத்துச்சாமா. நான் அத்தையவே புடிச்சுச் சண்டை போட்டேன். ஆப்பரேசன் பண்ணுன கண்ணோட மெஷின்கிட்டப் போய் நின்னா என்ன அர்த்தம்னு. சிரிக்கறாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்களையும் சொல்லோணும். பெரியவங்க கேட்டாங்கன்னு ஓட்டிர்றதா? வாக்குக் குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன் அம்மணி."

"அப்பறம்?"

"தப்புத்தான்," என்றேன். அவள் ஒன்றை நினைத்துக்கொண்டாள், நான் வேறொன்றைச் சொன்னேன். உண்மையை இன்னும் சொல்லவில்லை. இரண்டு மாசம் ஆகிறது. சொல்ல வேண்டும். அதைவிடப் பச்சைப் பொத்தானை அழுத்துவதே பரவாயில்லை.

நம்பர் கேட்டீர்கள். நம்பர் உங்கள் டிரைவுக்கு வேறு, என்னுடையதுக்கு வேறு. முதலில் மூடியைத் திறந்து அந்தத் தொப்பி எந்தப் பக்கம் என்று பாருங்கள். முழு வேகம் எவ்வளவு என்று ஸ்பிண்டில் மேல் எழுதியிருக்கும், அதையே கம்ப்யூட்டரிலும் போடுங்கள். அப்புறம் கறுப்பு மை, சாக்பீஸ், சோக் வைத்த டியூப் லைட். புது எல்.ஈ.டி. விளக்கு வேண்டாம், ஏமாற்றிவிடும். ஆறாயிரத்தில் ஆரம்பிக்காதீர்கள். மூவாயிரத்தில் ஆரம்பியுங்கள். பலகைக்குப் பின்னால் நில்லுங்கள். வாசலில் யாரையும் நிற்க விடாதீர்கள். யாராவது வந்து ஏதாவது சொன்னால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள், சரி. மேலே என் பெயரைப் போட வேண்டாம், அடித்துவிடுங்கள். இதைச் சரி செய்தவர் பெயர் வசந்தாமணி. உடுமலை.